பெண், கூலாய், 1994

பொந்தியான்,
27 அக்டோபர் 2023

மதிப்பிற்குரிய டாக்டர் கதிரேசு ஐயா அவர்களுக்கு,

வணக்கம். என்னை உங்களுக்குத் தெரியாது. பொந்தியானில் ஒரு கிளினிக்கில் தாதியாக வேலை செய்கிறேன். உங்கள் முகவரியை உங்கள் ஓவியக் கண்காட்சியை நடத்துபவர்களிடம் கெஞ்சி வாங்கினேன். உங்களுக்குக் காது சரியாகக் கேட்காது, போனில் பேசமாட்டீர்கள், எழுதினால் கட்டாயம் பதில் போடுவீர்கள் என்று அங்கிருந்த பெண் சொன்னார். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் தமிழில் எழுதும் முதல் கடிதம் இது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன சனிக்கிழமை தோழி மலரோடு தீபாவளித் துணி எடுக்க ஜொகூர் பாரு வந்திருந்தேன். கடைக்குப் போகும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்குவதற்காகத்தான் உங்கள் கண்காட்சிக்குள் நுழைந்தோம். சுவர் முழுக்க நீதிபதிகள், தலைமையாசிரியர்கள், கம்பெனி முதலாளிகள். மலர் சேலை ஈரத்தைப் பிழிந்துகொண்டிருந்தாள். நான் சும்மா பார்த்துக்கொண்டே நடந்தேன். கடைசிச் சுவரில் என் அம்மா இருந்தார்.

ஐயா, இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. என் அம்மா 1996-இல் இறந்துவிட்டார். அப்போது எனக்கு ஒன்பது வயது. எங்கள் வீட்டில் அவருடைய ஒரு போட்டோகூடக் கிடையாது. அடையாள அட்டையில் இருந்ததும் வீடு மாறும்போது அப்பா கையில் தொலைந்துபோனது. சில வருடங்களாக அம்மாவின் முகம் எனக்கு நினைவுக்கே வருவதில்லை. குரல் வரும், சேலை வரும், முகம் வராது. அந்த முகம் திடீரென்று எதிரே நின்று என்னைப் பார்க்கிறது. இடது புருவத்தில் செம்பனை முள் கீறிய தழும்பு, மூக்குத்தியில் ஒரு கல் இல்லாத குழி, எல்லாம் அப்படியே.

நான் கீழே உட்கார்ந்துவிட்டேனாம். எனக்கே தெரியவில்லை. மலர், "அலமாக், என்னடி ஆச்சு, யாரைப் பாத்த?" என்று உலுக்கினாள். காவலர் நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

படத்தின் கீழே "பெண், கூலாய், 1994" என்று மட்டும் எழுதியிருக்கிறது. அம்மாவுக்குப் பெயர் உண்டு ஐயா. வெள்ளையம்மா. கூலாய்ப் பக்கத்துச் செம்பனை எஸ்டேட்டில் களைக்கு மருந்தடிக்கும் வேலை செய்தார். அவரை உங்களுக்கு எப்படித் தெரியும்? எப்போது வரைந்தீர்கள்? அம்மா என்ன பேசினார்? எது நினைவிருந்தாலும் எழுதுங்கள்.

பணிவுடன்,
சி. லோஷினி


ஜொகூர் பாரு,
6 நவம்பர் 2023

அன்புள்ள லோஷினிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்து ஐந்து நாளாகிறது. முதல் பக்கத்தில் மகிழ்ந்துபோய், இரண்டாம் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். வெள்ளையம்மா இறந்துவிட்டார் என்பது எனக்குத் தெரியாது. எங்கோ பேரப்பிள்ளைகளோடு இருப்பார் என்றுதான் இத்தனை காலம் எண்ணியிருந்தேன். அவருக்கு என்ன ஆயிற்று? எழுத மனமிருந்தால் எழுதுங்கள்.

என்னைப் பற்றிச் சொல்கிறேன். என் தகப்பனார் யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே கிளார்க்காக இங்கே வந்தவர். நான் கண்ட காகிதத்திலெல்லாம் முகம் வரைவேன். "படம் கீறிச் சோறு தின்ன ஏலாது" என்று சொல்லி என்னை ரசாயனம் படிக்கப் போட்டார். படித்து டாக்டர் பட்டமும் வாங்கினேன். கூலாய்க்குப் பக்கத்தில் செம்பனை ஆராய்ச்சி நிலையத்தில் பத்தொன்பது வருடம் வேலை. வார நாட்களில் மண், இலை, மருந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் முகங்கள். இரண்டும் எனக்கு ஒரே வேலையாகத்தான் பட்டது. எந்த வெள்ளை வண்ணம் இருபது வருடத்தில் மஞ்சளாகப் பழுக்கும், எது பழுக்காது என்று எனக்குத் தெரியும் என்பதால் பெரிய இடங்களில் என்னைத் தேடினார்கள். இருப்பதைக் கூட்டாமல் குறைக்காமல் வரைபவன் என்று பெயர் எடுத்தேன். கண்காட்சிப் பிரசுரத்திலும் அதைத்தான் அச்சிட்டிருக்கிறார்கள்.

மருந்தடிக்கும் பெண்கள் சிலரைப் பரிசோதனைக்காக எங்கள் நிலையத்துக்கு வரவழைத்தோம். அப்படித்தான் உங்கள் அம்மா வந்தார். முதல் நாளே அந்த முகத்தை வரைய வேண்டும் என்று தோன்றிவிட்டது. மூன்று ஞாயிறு வந்து உட்கார்ந்தார். பக்கத்து வீட்டுச் சண்டைகளையெல்லாம் அவர்களைப் போலவே பேசிக் காட்டுவார். எனக்குச் சிரிப்பில் கை ஆடும். "ஐயா சிரிச்சா எம் மூக்கு கோணிக்கும்" என்பார். மகளைப் பற்றியும் சொன்னார். தமிழ்ப் பள்ளியில் வாய்ப்பாட்டுக்குப் பரிசு வாங்கினாளாமே, அது நீங்கள்தானே?

படம் உங்களுடையது. கண்காட்சி முடிந்ததும் எடுத்துக்கொள்ளுங்கள். பெயரை மாற்றி எழுதச் சொல்லிவிட்டேன். என் மனைவி செல்லப்பாக்கியம் போய் ஆறு வருடமாகிறது. வீட்டில் நான் தனி. தீபாவளிக்குப் பிறகு ஒரு நாள் வந்தால் சந்தோஷப்படுவேன்.

அன்புடன்,
கதிரேசு


பொந்தியான்,
20 நவம்பர் 2023

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தை மலருக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். ஆமாம், வாய்ப்பாட்டுப் பரிசு எனக்குத்தான். ஒரு பிளாஸ்டிக் டிபன் டப்பா. அம்மா அதைப் போய் உங்களிடம் சொன்னார் என்பதை நினைத்துப் பஸ்ஸிலேயே அழுதேன். அப்பா இல்லாத எனக்கு ஒரு அப்பா எழுதியது போல இருந்தது என்று மலரிடம் சொன்னேன்.

நேற்று மறுபடி கண்காட்சிக்குப் போனேன். கூட்டமில்லை. அரை மணி நேரம் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒன்று கேட்க வேண்டும். தப்பாக நினைக்காதீர்கள்.

படத்தில் அம்மா இரண்டு கையையும் மடியில் வைத்திருக்கிறார். பத்து நகமும் இளஞ்சிவப்பாக, முழுசாக இருக்கின்றன. அம்மாவுக்கு அப்படி நகம் இருந்து நான் பார்த்ததில்லை. வலது கையில் மூன்று நகம் கிடையாது. மற்றவை கறுத்துச் சொத்தையாக இருக்கும். பூண்டு உரிக்க முடியாது, நான்தான் உரித்துக் கொடுப்பேன். எரியும் என்று சோற்றைக் கரண்டியால்தான் சாப்பிடுவார். தழும்பையும் மூக்குத்திக் குழியையும் விடாமல் போட்டிருக்கிறீர்கள். நகத்தை மட்டும் எப்படி ஐயா விட்டீர்கள்? அல்லது 94-இல் நன்றாகத்தான் இருந்ததா? என் நினைவுதான் தப்பா?

அம்மாவுக்கு என்ன ஆனது என்று கேட்டீர்கள். மருந்துப் பம்பு ஒழுகும். முதுகில் சுமந்து போவார்கள். வார் அறுத்து அம்மாவின் முதுகில் புண் இருந்தது. 96 மார்ச்சில் இரண்டு நாள் மருந்து முதுகெல்லாம் நனைந்தபடி வேலை செய்தார். முதுகு தீப்பட்டது போல் கொப்புளித்தது. ஒரு வாரத்தில் மூச்சு வாங்கியது. பதினோராம் நாள் போய்விட்டார். நிமோனியா என்று எழுதினார்கள். நான் தாதி வேலைக்குப் படித்தபோதுதான் அது நிமோனியா இல்லை என்று புரிந்தது.

படத்தை எடுக்க மலரின் வீட்டுக்காரர் விஜயன் மாதக் கடைசியில் வேனில் வருவார். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மழை அதிகம், வெளியே போகாதீர்கள்.

அன்புடன்,
லோஷினி


ஜொகூர் பாரு,
12 டிசம்பர் 2023

அன்புள்ள லோஷினிக்கு,

விஜயன் வந்தபோது எனக்குக் காய்ச்சல் என்று சொல்லி வெறுங்கையோடு அனுப்பினேன். காய்ச்சல் இல்லை. இந்தக் கடிதத்தை எழுதாமல் படத்தைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் நினைவு தப்பில்லை. 94-இலும் அந்த நகங்கள் அப்படித்தான் இருந்தன.

அந்தப் பரிசோதனையை நடத்தியது நான். களைக்கொல்லி மருந்தடிக்கும் பதினான்கு பெண்களை எட்டு மாதம் பார்த்தேன். சிறுநீர், தோல், நகம், மூச்சு, எல்லாம் என் கைப்பட எழுதினேன். ஒன்பது பேருக்கு நகம் கெட்டிருந்தது. ஆறு பேருக்கு மூக்கில் ரத்தம். ஐந்து பேரின் பம்பு ஒழுகி முதுகை நனைத்தது. முப்பத்தொரு பக்கம் அறிக்கை எழுதினேன். ஒழுகும் பம்புகளை உடனே மாற்ற வேண்டும், உடம்பில் புண் இருப்பவர்களை மருந்து வேலைக்கு அனுப்பக் கூடாது என்பது அதன் கடைசிப் பக்கம். புண்ணின் வழியே அது உள்ளே போனால் நுரையீரல் போய்விடும் என்று காரணமும் எழுதினேன். உங்கள் கடிதத்தில் நீங்கள் எழுதியிருந்த அதே வரிசையில்.

நிலையத் தலைவர் கூப்பிட்டார். "இதை இப்படி மேலே அனுப்ப முடியாது டாக்டர் கதிரேசு. ரெண்டு பக்கமாச் சுருக்குங்க" என்றார். சுருக்கினேன். "முறைப்படி பயன்படுத்தினால் பாதிப்பு எதுவும் காணப்படவில்லை" என்று முடிந்தது அது. கையெழுத்துப் போட்டேன். என்னை யாரும் மிரட்டவில்லை. குவார்ட்டர்ஸ் வீடு இருந்தது, மகன் லக்ஷ்மன் பல்கலைக்கழகம் போகவிருந்தான். அதே வாரம் நிலையத்தை நடத்திய நிறுவனத்தின் தலைவர் தன் உருவப்படத்தை என்னை வரையச் சொல்லியிருந்தார். அதுதான் எனக்கு வந்த முதல் பெரிய வேலை. இந்தக் கண்காட்சியில் வாசலுக்கு நேரே மாட்டியிருப்பது அந்தப் படம்தான்.

அதற்குப் பிறகுதான் உங்கள் அம்மாவை வரைந்தேன். கடைசி ஞாயிறு கையை வரையத் தொடங்கியபோது அவர் சேலைத் தலைப்பால் கையை மூடிக்கொண்டார். "ஐயா, கைய மட்டும் நல்லதா போட்டுருங்க. எம் பொண்ணு பெருசாயி பாக்கட்டும்" என்றார். எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? அவரே கேட்டுவிட்டாரே என்று நினைத்தேன். செல்லப்பாக்கியத்தின் கையைப் பார்த்து அந்த நகங்களை வரைந்தேன்.

படம் காய்ந்ததும் தருவதாகச் சொன்னேன். தரவில்லை. வருட முடிவில் வேலையை விட்டு ஜொகூர் பாருவில் கல்லூரி ஆசிரியராக வந்துவிட்டேன். அந்தப் பெண்கள் எப்படி இருக்கிறார்கள் என்று யாரிடமும் கேட்கவில்லை. கூலாய் அரை மணி நேர வழிதான்.

உங்கள் கடிதத்தில் "பதினோராம் நாள்" என்ற இடத்தைத் தாண்டி என்னால் மூன்று நாள் படிக்க முடியவில்லை.

என் கை இன்னும் நடுங்கவில்லை. அனுமதி கொடுத்தால், அந்த நகங்களைச் சுரண்டி எடுத்துவிட்டு, இருந்தது இருந்தபடியே வரைந்து தருகிறேன். என் குறிப்புப் புத்தகத்தில் ஒவ்வொரு நகத்தின் விவரமும் இருக்கிறது.

கதிரேசு


பொந்தியான்,
4 ஜனவரி 2024

திரு. கதிரேசு அவர்களுக்கு,

படத்தைத் தொடாதீர்கள்.

அது அம்மா கேட்டது. நல்ல கையோடு என் கண்ணில் பட வேண்டும் என்று கேட்டார், பட்டுவிட்டார். அதில் நீங்கள் திருத்த எதுவும் இல்லை. திருத்த வேண்டியது அந்த இரண்டு பக்கம்.

உங்கள் கடிதம் வந்த அன்று கிளினிக்கில் ஒருவருக்கு ஊசி போட மருந்தை ஏற்றிவிட்டு, அப்படியே கையில் பிடித்துக்கொண்டு நின்றேனாம். டாக்டர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். மூன்று வாரமாக ஒரு கணக்கு என் மண்டையில் ஓடுகிறது. 94-க்கும் 96-க்கும் நடுவில் ஒரு புதுப் பம்பு வந்திருந்தால் போதும். மற்றது எதுவும் வேண்டாம். ஒழுகாத ஒரு பம்பு. என் பிள்ளைப்பேற்றுக்கு அம்மா வந்திருப்பார்.

அப்பாவைப் போல என்று உங்களுக்கு எழுதினேனே, அந்த வரியை எப்படித் திரும்ப வாங்குவது?

என் அப்பா சின்னத்தம்பி சாகும்வரை தன்னைத்தான் திட்டிக்கொண்டார். அன்றைக்கு அவளை வேலைக்குப் போகாதே என்று சொல்லியிருக்கலாமே என்று. அவருக்கு இது தெரியாமல் போய்விட்டது.

அம்மாவோடு வேலை செய்த ராசம்மா அக்காவைப் பார்த்தேன். கூலாயில் ஃபிளாட்டில் இருக்கிறார். காரணம் சொல்லாமல், அந்தப் பதினான்கு பேரில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டேன். ஆறு பேர். முகவரிகள் பின்பக்கம் இருக்கின்றன. நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். சொல்ல வேண்டியவர் நீங்கள்.

ஞாயிற்றுக்கிழமை விஜயன் வருவார். படத்தைக் கொடுத்துவிடுங்கள்.

லோஷினி


ஜொகூர் பாரு,
26 பிப்ரவரி 2024

லோஷினி அவர்களுக்கு,

நீங்கள் சொன்னதைச் செய்யத் தொடங்கியிருக்கிறேன். இது பதில் எதிர்பார்த்து எழுதும் கடிதம் இல்லை. உங்களுக்குத் தெரிய வேண்டியதால் எழுதுகிறேன்.

பழைய குறிப்புப் புத்தகத்தையும் முப்பத்தொரு பக்கத்தையும் நகலெடுத்து, இரண்டு பக்க அறிக்கை பொய், அதில் கையெழுத்திட்டவன் நான் என்று சத்தியப் பிரமாணம் எழுதினேன். தொழிலாளர் சங்கத்துக்கு, தொழிலிடப் பாதுகாப்பைப் பார்க்கும் இலாகாவுக்கு, நிறுவனத்துக்கு அனுப்பினேன். சங்கத்திலிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்து எழுதிக்கொண்டு போனார். இலாகா இன்னும் பேசவில்லை. நிலையத்தை மூடி வெகுகாலமாகிவிட்டது, தங்களிடம் எந்தப் பதிவும் இல்லை என்று நிறுவனம் எழுதியிருக்கிறது. பதிவு என்னிடம் இருக்கிறது என்று மறுபடி எழுதினேன்.

மகன் லக்ஷ்மன் வந்தான். "இப்ப எதுக்குப்பா இதெல்லாம்? யாரு கேட்டாங்க?" என்றான்.

"வெள்ளையம்மா மகள் கேட்டாங்க" என்றேன்.

அவன், "என் யுனிவர்சிட்டிக்காகவா?" என்று மட்டும் கேட்டான். சாப்பிடாமலே போய்விட்டான்.

போன வாரம் பஸ் பிடித்து ராசம்மா வீட்டுக்குப் போனேன். மூன்றாம் மாடி. என்னை உடனே அடையாளம் தெரிந்துவிட்டது. "படம் போடுற டாக்டரய்யாதானே? வாங்க வாங்க, உக்காருங்க லா" என்று மைலோ கலக்கிக் கொடுத்தார். நான் அதைக் குடிக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். எனக்குக் கேட்க வேண்டுமே என்று அவர் உரக்கப் பேசினார். எதிர்வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்து வந்து நின்றார்கள். அத்தனை பேர் முன்னாலும் பேசினார். அவர் சொன்னதை ஒரு சொல் மாறாமல் எழுதுகிறேன்.

"அப்ப யூனியன்காரரு அய்யாவு வந்தாரு. பம்பு ஒழுகுதே, எல்லாருமா கையெழுத்துப் போட்டுக் குடுங்க, நான் பேசுறேன்னாரு. நாங்க போடத் தயாராத்தான் இருந்தோம். வெள்ளையம்மாதான் வேணாம்னா. 'டாக்டரு எட்டு மாசமா நம்ம நகத்த ஒவ்வொண்ணா எழுதிக்கிட்டிருக்காரு. அவரு எழுதி அனுப்பினா கம்பெனி கேக்கும். நாம மனு குடுத்தா அவரு எழுதுறது கெட்டுப்போயிரும். கொஞ்சம் பொறுங்கடி'ன்னா. நாங்க பொறுத்தோம். ரெண்டு வருசம் பொறுத்தோம் ஐயா. அவள எடுத்துக்கிட்டுப் போன அன்னிக்கும், டாக்டரு எழுதினது வந்திருச்சான்னு ஒருத்தி வேல வாங்குற மண்டோர்கிட்ட கேட்டா."

நான் எழுந்திருக்க முயன்றேன். ராசம்மா தன் கையை என் முன்னால் மேசைமேல் வைத்தார். நகங்கள் முளைத்துவிட்டன, ஆனால் வளைந்து முளைத்திருக்கின்றன. "பாத்து எழுதிக்குங்க" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. நான் எழுதிக்கொள்ள வேண்டும் என்று உண்மையிலேயே எதிர்பார்த்தார். எழுதிக்கொண்டேன்.

இதை உங்களிடம் மறைத்துவிடலாமா என்று யோசித்தேன். உங்கள் அம்மா என்னை நம்பித்தான் மற்றவர்களைத் தடுத்தார் என்பது உங்களுக்குத் தெரிந்தால் இன்னும் வலிக்குமே என்று. பிறகு, இப்படி யோசித்துத்தானே முப்பது வருடம் போயிற்று என்று நினைத்து எழுதிவிட்டேன்.

மன்னிப்புக் கேட்டு இதை முடிக்கக் கூடாது என்று இருக்கிறேன். இன்னும் ஐந்து பேர் இருக்கிறார்கள்.

கதிரேசு


பொந்தியான்,
14 மார்ச் 2024

திரு. கதிரேசு அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் பத்து நாள் கைப்பையிலேயே வைத்திருந்தேன். மலருக்குப் படித்துக் காட்டவில்லை.

அம்மா உங்களை நம்பியது எனக்குப் புதிதாக வலிக்கவில்லை. அவர் யாரையும் நம்புவார். "கொஞ்சம் பொறுங்கடி" என்றதைப் படித்தபோது அவர் குரல் கேட்டது. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத என்னால் முடியாது.

படம் வந்த நாளிலிருந்து சுவர்ப்பக்கம் திருப்பித்தான் வைத்திருந்தேன். நேற்று திருப்பி மாட்டினேன். என் மகள் பார்த்துவிட்டு, "யாரும்மா இந்த அக்கா?" என்று கேட்டாள். படத்தில் அம்மாவுக்கு முப்பத்திரண்டு வயதுதான். எனக்கு இப்போது முப்பத்தேழு.

ராசம்மா அக்கா போன் செய்தார். மற்ற ஐந்து பேரில் இருவர் இன்னும் எஸ்டேட் பக்கமே இருக்கிறார்கள். அங்கே பஸ் போகாது. ஒருவர் படுத்த படுக்கை, அதிக நாள் தாங்காது என்கிறார்கள்.

23-ஆம் தேதி சனிக்கிழமை எனக்கு லீவு. காலை எட்டு மணிக்கு உங்கள் வீட்டு வாசலுக்குக் காரில் வருகிறேன். குறிப்புப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு தயாராக நில்லுங்கள். அவர்களிடம் நீங்கள் பேசுங்கள்; அவர்கள் உடம்பை நான் பார்க்கிறேன்.

வழியில் நாம் எதுவும் பேச வேண்டாம்.

லோஷினி